தென்றல் மேல் ஒரு புகார்

லண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள நமச்சிவாயம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இங்கே வாசல் கதவிலேயே நீளமாக ஒரு ஓட்டை. தபால்காரர் அதற்குள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார், முகம் பார்க்கக்கூட வழியில்லை. முட்டுவலி இன்னும் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். எண்ணெய் தேய்த்தது போதும், எலும்பு டாக்டரிடம் காட்டு. மதினிக்குச் சர்க்கரை இறங்கியதில் ரொம்ப சந்தோஷம்.

நான் வந்து ஏழு வாரம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது, தேங்காய் அரைக்காத குழம்பு பழகவில்லை. இதை எழுதும்போது அடுக்களையில் துணி துவைக்கிற மிஷின் சாமி வந்த மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. நாலு காலில் ஒன்று தரையில் சரியாக ஊன்றவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒரு ஸ்பேனர் கொடுங்கள் என்றேன். "விடுங்க மாமா, ஆள் வருவான்" என்கிறார் மருமகன். ஆயுசு முழுக்க ஆடுகிற சாமான்களோடு மாரடித்தவனை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொன்னால் எப்படி?

சரி, உன் பேத்தி கேள்விக்கு வருகிறேன். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற ரயிலில் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே வந்தவள், பெரிய டவர் கம்பிகளில், கம்பியைத் தாங்கித் தொங்குகிற இன்சுலேட்டர் சரத்துக்கு இரண்டு பக்கமும் குட்டியாக ஏதோ தொங்குகிறதே, அது என்ன என்று கேட்டாளாம். "காற்றில் கம்பி பறந்துவிடாமல் இருக்க வைத்த பாரம்" என்று நீ சொன்னாயாம். பத்துக்கு மூன்று மார்க் போடுகிறேன், அதுவும் பழைய சிநேகத்துக்காக. ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் நடுவே தொங்குகிற ஒற்றைக் கம்பியே அரை டன்னுக்கு மேல் கனம். அதைச் சில கிலோ இரும்புத்துண்டு எப்படியடே பிடித்து நிறுத்தும்?

நீ வருடா வருடம் வகுப்பில் நாலு காற்றும் சொல்லிக் கொடுத்தவன். கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். இதில் லைன்காரனுக்கு எதிரி யார் என்று கேட்டால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆளையே தள்ளுகிற கோடைக்காற்றைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அதற்குப் பயந்துதான் டவரையே கட்டுகிறோம். கணக்குப் போட்டு, கூட்டிப் போட்டு, பிறகு அதற்கு மேலும் கொஞ்சம் போட்டுக் கட்டுகிறோம். தவிர, பலத்த காற்று தாளம் தெரியாத காற்று. ஒரு கணம் அடிக்கும், மறுகணம் விடும், திசை மாறும். கம்பி கன்னாபின்னாவென்று அசையும், ஒரே தாளத்தில் அதிராது. நிதானமாக, விடாமல், ஒரே வேகத்தில் வீசுகிற இளங்காற்று வருகிறதே, அதுதான் கம்பியைக் கொல்லும். கோபிக்காதே, உன் தென்றலைத்தான் சொல்கிறேன்.

குறுக்குத்துறையில் குளிக்கும்போது மூங்கில் கழியை ஓடுகிற தண்ணீரில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு நிற்போமே, கை விறுவிறுவென்று அதிருமே, ஞாபகம் இருக்கிறதா? கழிக்குப் பின்னால் சுழல்கள் இடம் வலமாக மாறி மாறிப் பிய்த்துக்கொண்டு போகும். ஒவ்வொரு சுழலும் போகும்போது கழியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகும். காற்றும் கம்பியும் அதே கதை, இங்கே மேலும் கீழும். காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால், நொடிக்கு எத்தனை இழுப்பு என்று வந்துவிடும். நாங்கள் 'ஜீப்ரா' என்கிற கம்பி 28.62 மில்லிமீட்டர் தடிமன். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில், அதாவது வேப்பிலை லேசாக அசைகிற காற்றில், நொடிக்கு 21 இழுப்பு. காற்று ஒரு நாள் முழுக்க நிற்காமல் வீசினால் 18 லட்சம்.

ஆட்டம் பெரிதாகவும் இராது. கம்பியின் தடிமனுக்கு மேல் போவதே அபூர்வம். கீழே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இன்சுலேட்டர் சரத்தின் அடியில் கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்ப் இருக்கிறதே, அங்கே கம்பி அசைய முடியாது. அதனால் அந்த வாயிலேயே மடங்கி மடங்கி நிமிரும். கொறடு இல்லாவிட்டால் கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போம் பார், அதையே காற்று பொறுமையாக வருடக்கணக்கில் செய்கிறது.

இதற்கு முதலில் தோன்றுகிற வைத்தியம் இறுக்கிக் கட்டுவது. எனக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் தோன்றியது. நடப்பது நேர்மாறு. கம்பி என்பது ஒற்றை உருப்படி இல்லை, முறுக்கிய இழைகள். ஜீப்ராவில் நடுவே 7 எஃகு இழை, அதைச் சுற்றி 54 அலுமினிய இழை. கம்பி ஆடும்போது இழைகள் ஒன்றோடொன்று உரசும், அந்த உரசலிலேயே ஆட்டத்தில் கொஞ்சம் செத்துப்போகும். இழுத்து இறுக்கினால் இழைகள் ஒட்டிக்கொண்டு உரசுவதை நிறுத்திவிடும். அப்புறம் வீணைத் தந்தி மாதிரிதான், தட்டினால் நின்று பாடும்.

கலிபோர்னியாவில் மின்சாரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஸ்டாக்பிரிட்ஜ் என்கிற இஞ்சினியர் 1920-களில் இதற்கு ஒரு வழி கண்டார். உன் பேத்தி பார்த்தது அவருடைய சாமான்தான். கம்பி தரையில் கிடந்தால் கையில் எடுத்துப் பார்க்கலாம்: முழ நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஒரு எஃகு வடத்துண்டு, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு குண்டு, நடுவில் கம்பியைக் கவ்வ ஒரு கிளாம்ப். ஆபீசில் அதற்கு டேம்பர் என்று பெயர், எங்கள் ஆட்களுக்குத் தம்பிள்ஸ். கம்பி அதிரும்போது குண்டுகள் கனத்தால் பின்தங்கும், நடுவிலிருக்கும் வடத்துண்டு வளைந்து வளைந்து நிமிரும், அதன் இழைகள் உரசும். காற்று கொடுத்த சக்தி அந்த உரசலில் சூடாகி வெளியே போய்விடும். குண்டின் வேலை கம்பியை அமுக்குவது இல்லை, வடத்துண்டைப் போட்டு வதைப்பது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் சூட்சுமம். அதிர்கிற கம்பி பல வளையங்களாகப் பிரிந்து ஆடும். நான் சொன்ன காற்றுக்கு ஒவ்வொரு வளையமும் சுமார் 3 மீட்டர். வளையமும் வளையமும் சேருகிற இடத்தில் கம்பி அசையாது. அங்கே டேம்பரை மாட்டினால் அது சும்மா உட்கார்ந்திருக்கும், ஒரு பிரயோஜனமும் கிடையாது. காற்று மாறினால் வளையத்தின் நீளமும் மாறும். எந்தக் காற்றுக்கும் அசைகிற இடம் ஒன்று வேண்டும். கிளாம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் அல்லது கொஞ்சம் கூடுதல் தள்ளி மாட்டினால் அது முதல் வளையத்துக்குள்ளேயே விழும். அதனால்தான் எந்த டவரைப் பார்த்தாலும் அவை சரத்தின் பக்கத்திலேயே இருக்கும்.

இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். இதை வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை.

1986. நான் உதவிப் பொறியாளர். 230 கிலோவோல்ட் லைன் ஒன்று ஒரு பெரிய குளத்தைத் தாண்டிப் போகிறது. எந்தக் குளம் என்று எழுத மாட்டேன், நீ பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்வாய். குளத்தின் மேலே மரம் கிடையாது, வீடு கிடையாது. காற்று எதிலும் முட்டிச் சிதறாமல் வழுவழுவென்று வரும். லைன் ஏற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பேட்ரோல் போன மூத்த லைன்மேன் ஒருவர் காலையில் ஆபீசுக்கு வந்தார். "சார், கரை டவர் முனகுது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் விடியுமுன்னே சைக்கிளில் என்னைக் கூட்டிப்போய் டவர் காலில் காதை வைக்கச் சொன்னார். தம்பூரா மாதிரி அடித்தொண்டையில் ஒரு சத்தம். உள்ளங்கையை வைத்தால் எறும்பு ஊர்வது போல் இருந்தது. முகத்தில் காற்றே பட்டதாகத் தெரியவில்லை.

பைனாகுலரில் பார்த்தேன். சரத்துக்குப் பக்கத்தில் டேம்பர் இல்லை. கம்பியோடு கண்ணை நகர்த்திக்கொண்டே போனால், நடுக்குளத்துக்கு மேலே, கம்பி நன்றாகத் தாழ்ந்து தொங்குகிற இடத்தில், இரண்டு காக்கா பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இரண்டும் இருந்தன. போல்ட்டை அளவுப்படி முறுக்கவில்லை. ஆட ஆட இளகி, கம்பியோடு சறுக்கிப் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தி ஏற அனுமதி, வாங்கி, மேலே ஏறிக் கிளாம்ப்பைத் திறந்தோம். உள்ளே கறுப்பு மாவு. அலுமினியம் உரசி உரசிப் பொடியானது. ஐந்து இழை அறுந்திருந்தது. அதில் இரண்டு உள்ளடுக்கில், வெளியிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்காது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கம்பி குளத்தில் விழுந்திருக்கும், கரையில் துவைக்கிறவர்கள் இருக்கிற குளம் அது.

வேலை முடிந்தபோது சரிபார்த்ததாகப் போட்ட கையெழுத்து என்னுடையது. முதல் சில டவர்களில் நானே ஏறி, அளவு ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மீதியைக் கீழே நின்று, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். வெயில். அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன், அதோடு விட்டுவிட்டார்கள். அந்த லைன்மேனுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுத வைக்க மூன்று மாதம் அலைந்தேன், நடக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இதெல்லாம் ஏன் இப்போது வருகிறது என்றால், போன சனிக்கிழமை மகள் செயின்ட் பால் தேவாலயம் பார்க்கக் கூட்டிப்போனாள். தேவாலயத்தில் அரை மணி நேரம், அதற்கு எதிரே தேம்ஸ் நதி மேல் இருக்கிற மில்லினியம் பாலத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். நடக்கிறவர்களுக்கு மட்டுமான தொங்குபாலம். நடுத்தாவு, அதாவது நடுவில் இரண்டு தூணுக்கு இடைப்பட்ட தூரம், 144 மீட்டர், அதற்குக் கேபிளின் தொய்வு 2.3 மீட்டர்தான். அவ்வளவு ஒல்லி. 2000 ஜூன் 10-ஆம் தேதி திறந்தார்கள், ஜூன் 12 மூடிவிட்டார்கள். முதல் நாள் எக்கச்சக்கக் கூட்டம். பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிட்டது. நடுத்தாவில் 7 சென்டிமீட்டர் வரை. சனங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

இங்கே காற்று குற்றவாளி இல்லை, நடக்கிறவர்கள்தான். நாம் நடக்கும்போது இடது கால் ஒரு பக்கம், வலது கால் மறுபக்கம் தரையைக் கொஞ்சம் தள்ளுகிறது. பாலம் இம்மியளவு அசைந்ததும் படகில் நடக்கிறவன் மாதிரி காலை அகட்டி வைக்கிறோம், ஆட்டத்துக்கு ஏற்றபடி. அந்த மிதி பாலத்தை இன்னும் தள்ளுகிறது. பாலம் வேகமாக அசைய அசைய மிதியும் கூடுகிறது; டேம்பரைத் திருப்பி மாட்டிய மாதிரி. ஜப்பானில் ஒரு நடைபாலத்தில் இதைக் கண்டு 1993-லேயே எழுதியிருந்தார்கள். பாலம் கட்டுகிறவர்கள் பார்வை அப்போது மேலும் கீழும் ஆடுவதிலேயே இருந்தது.

பாலத்தை வடிவமைத்த அரூப் நிறுவனம் ஒளித்து மறைக்காமல் சோதித்துப் பார்த்து எல்லாவற்றையும் வெளியிட்டதே, அதற்கு ஒரு கும்பிடு போடலாம். ஆட்களைப் பாலத்தில் நடக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். 156 பேர் வரை பாலம் சாதுவாக இருந்தது. 166 பேர் ஆனதும் ஆட்டம் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. நடுவில் ஒரு பத்துப் பேர்! பந்தியில் கடைசியாக வந்து உட்கார்கிற சம்பந்தி வீட்டார் மாதிரி.

விறைப்பாக்கிச் சரிசெய்யலாம்தான். ஆனால் ஒரு பாலம் ஆடுகிற தாளத்தை மூன்று மடங்கு ஆக்க வேண்டுமென்றால் விறைப்பை ஒன்பது மடங்கு ஆக்க வேண்டும். அந்த ஒல்லிப் பாலத்தின் முகமே போய்விடும். அதனால் அடியில் 37 டேம்பர் மாட்டினார்கள்; மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பர் மாதிரி, பிஸ்டன் திரவத்துக்குள் போய்வருவது. கூடவே ஸ்பிரிங்கில் உட்கார்ந்த கனங்கள் ஐம்பதுக்கும் மேலே. சுமார் 50 லட்சம் பவுண்டு செலவு. 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள்.

நான் நடுப்பாலத்தில் நின்று இரண்டு மூன்று தடவை குதித்துப் பார்த்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். முட்டுவலிக்காரன் நீ இருந்திருந்தால் நீயும் குதித்திருப்பாய். ஒரு சலனம் இல்லை. அப்புறம் கரையில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். தளத்துக்கு அடியில் வி வடிவச் சட்டங்கள், அதன் முனையில் டேம்பர். மேலே ஆயிரம் பேர் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். போல்ட்டை யார் முறுக்கினார், யார் சரிபார்த்தார் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மிஷின் நின்றுவிட்டது. தானாகத்தான். காலையில் எல்லோரும் வேலைக்குப் போனதும் அந்தக் காலுக்கு அடியில் ஒரு அட்டை மடித்து வைக்கப் போகிறேன்.

பேத்தியிடம் இதையும் சொல். கம்பிக்கெல்லாம் மிருகங்கள் பெயர்தான்: அணில், முயல், நாய், சிறுத்தை, வரிக்குதிரை, காட்டுமான். சின்னக் கம்பிக்குச் சின்ன மிருகம். அவளுக்குப் பிடிக்கும். அடுத்த தடவை ரயிலில் போகும்போது சரத்துக்குப் பக்கத்தில் தம்பிள்ஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். எங்காவது நடுக்கம்பியில் ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தால், ரயில் தாண்டுவதற்குள் டவரில் அடித்திருக்கும் நம்பர் தகட்டைப் படித்துக் குறித்துக்கொள்ளட்டும். எனக்கு உடனே எழுது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று இன்னும் தெரியும்.

உன்,
முத்து