அந்த நோட்ட மட்டும் திறந்துடாத

கண்ணு,

நேத்து போன வச்சதுலேர்ந்து மனசு ஒரு நிலையில இல்ல. பாப்பா கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு "நான் எதுக்கும் லாயக்கில்ல"ன்னு சொன்னாளாம், நீ பதறிப்போய் "யார் சொன்னா, நீதான் பெஸ்ட்"டுன்னு சொன்னதுக்கு "நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவ"ன்னு கதவ சாத்திக்கிட்டாளாம். அவ சொன்னது கரெக்ட்தான் போ. 14 வயசுல அம்மா குடுக்குற சர்டிஃபிகேட் செல்லாது. நீயும் அப்படித்தான் இருந்த.

பாராட்டுலயே ஒரு சிக்கல் இருக்கு தெரியுமா. 1998ல ம்யூலர், ட்வெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அஞ்சாங்கிளாஸ் பசங்கள வச்சு பாத்தாங்க, புதிர விடுவிச்ச பசங்கள்ல கொஞ்ச பேர்கிட்ட "நீ புத்திசாலி"ன்னும் கொஞ்ச பேர்கிட்ட "நல்லா உழைச்சிருக்க"ன்னும் சொன்னாங்க, அடுத்து கஷ்டமான புதிர்ல தடுமாறினதும் புத்திசாலின்னு பேர் வாங்கினதுங்கதான் சீக்கிரம் சோந்துபோச்சுங்க. பேர காப்பாத்தணுமேங்கற பயம், வேறென்ன.

அதனால ஒரு நோட்டு வாங்கி குடு. சும்மா கோடு போட்ட நோட்டு போதும், ரொம்ப அழகா இருந்தா கையெழுத்து கெட்டுடுமோன்னு முதல் பக்கத்தையே எழுத மாட்டா. தேதி போட்டு, இன்னைக்கு தானா செஞ்ச ஒரு காரியம், அவ்ளோதான். மார்க்கு, பரிசெல்லாம் அடுத்தவங்க குடுக்குறது, அது வேணாம். "இன்னைக்கு கிளாஸ்ல கைய தூக்கி புரியலன்னு சொன்னேன்", "கோவம் வந்துச்சு, கத்தல" இந்த மாதிரி. "நான் தைரியசாலி"ன்னு நூறு தடவ எழுதினாலும் அவ மனசு நம்பாது, கைய தூக்கினேன்னு தன் கையெழுத்துலயே இருந்தா இல்லன்னு எப்படி சொல்லுவா? ஒரு மாசம் கழிச்சு அவளே பின்னாடி புரட்டட்டும். தினமும் எழுதுன்னு மட்டும் நச்சரிக்காத, ஹோம்வொர்க் ஆயிடும்.

அழுகையும் எழுதலாம், தப்பில்ல. பென்னிபேக்கர்னு ஒருத்தர் காலேஜ் பசங்கள தெனமும் 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள், மனச அழுத்துற விஷயத்த எழுத வச்சாரு, 1986ல அது வெளிவந்துச்சு. எழுதி முடிச்ச கையோட மனசு இன்னும் கனமாத்தான் இருந்துச்சாம், ஆனா நடந்ததையும் அதுல தனக்கு என்ன தோணுச்சுங்கறதையும் சேத்து எழுதினவங்க அடுத்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போனது கொறஞ்சுது. அதுக்காக ஒரே பொலம்பல வாரக்கணக்கா திருப்பி திருப்பி எழுதறது வேற, அது புண்ண சொறியற மாதிரி. அப்படி ஏதாவது இருந்தா அவ மொகத்துலயே தெரியும், சாப்பாடு தூக்கம் கெடும், அப்ப நேரா அவகிட்ட உக்காந்து பேசு, வேணும்னா கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டு போ. நோட்ட துழாவாத.

இத சொல்ல எனக்கு என்ன யோக்கியதன்னு நீ கேக்கலாம். கேளு. உனக்கு 15 வயசு, நீ வெளிய போயிருந்தப்ப தலகாணி உறைக்குள்ள இருந்த நீல அட்ட நோட்ட எடுத்து படிச்சேன். "அம்மா யார் சொல்றதையும் காது குடுத்து கேக்க மாட்டா"ன்னு ஒரு வரி. அதப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க உன்ன கேள்வி கேட்டு அழ வச்சேன், அதுவும் அப்பா முன்னாடி. அந்த வரி எவ்ளோ உண்மைன்னு அன்னைக்கே நிரூபிச்சுட்டேன் பாரு. அதுக்கப்புறம் நீ ஒரு பக்கம் கூட எழுதல.

என்ன உறுத்தறது அது மட்டுமில்ல. அதே பக்கத்துல அதுக்கு மேல ஒரு வரி இருந்துச்சு, "மேடையில கை நடுங்கிச்சு, பேப்பர் ஆடிச்சு, ஆனாலும் முழுசா பேசி முடிச்சேன்". ரெண்டு தடவ அடிக்கோடு போட்டிருந்த. அத நான் படிச்சேன், ஆனா கண்ணுல படல. உன்ன பத்தி நீயே பெருமையா எழுதினது அது ஒண்ணுதான் எனக்கு தெரிஞ்சு, அதுக்கு ஒரு வார்த்த சொல்லல நான்.

நீ கல்யாணமாகி போனப்ப ரூம ஒழிச்சோமே, அப்ப அந்த நோட்டு கெடச்சுச்சு. துணில சுத்தி பீரோல வச்சிருக்கேன், திறக்கல. வேணும்னா சொல்லு, அடுத்த தடவ வரும்போது எடுத்துட்டு வரேன்.

அம்மா