முடி கொட்டுதுன்னு அழுத மகளுக்கு

ஏத்தா மீனா,

நேத்து ராத்திரி நீ வீடியோ கால்ல சீப்பத் தூக்கிக் காமிச்சதுலேர்ந்து உங்க அம்மாவுக்குத் தூக்கம் இல்ல, எனக்கும் இல்ல. சீப்பு பூரா முடி, குளிக்கிற எடத்துல தண்ணி போற ஓட்டைய அடைச்சுக்கிட்டு உருண்டை உருண்டையா முடின்னு நீ அழுற, பாப்பா ஒரு பக்கம் அழுவுது, மாப்பிள்ளை பாவம் பின்னாடி நின்னு முழிச்சிக்கிட்டு இருக்காரு. போன்ல சொல்லலாம்னா உங்க அம்மா பாதியில பிடுங்கிருவா, அதான் எழுதிப் போடுறேன். எழுதுறதுன்னா வாயால சொல்லச் சொல்ல போன் அதுவா டைப் பண்ணிக்கிருது, என் வெரல வச்சா இந்த போன் தொறக்கவே மாட்டேங்குது, அந்தக் கதையும் இதுல வரும்.

மொதல்ல உன் விசயம். மொட்டையாயிர மாட்ட. இன்னைக்கு வெள்ளன பஸ் ஏறி காரைக்குடி போயி, என் கைக்கு பாக்குற தோல் டாக்டரம்மாகிட்ட என் கையக் காட்டுறதுக்கு முன்னாடி உன் முடியத்தான் கேட்டேன். பிள்ள பெத்து எத்தன மாசம்னு மட்டும் கேட்டாக. நாலுன்னேன். சிரிச்சிட்டாக. சரியா வர வேண்டிய நேரத்துக்குத்தான் வந்திருக்குன்னு சொன்னாக.

தலையில ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கணக்கு. 2 வருசத்துலேர்ந்து 6 வருசம் வரைக்கும் வளரும், அப்பறம் ரெண்டு மூணு வாரத்துல ஒடுங்கும், அதுக்கப்பறம் ஒரு 3 மாசம் வளராம சும்மா நிக்கும், கீழேர்ந்து புதுசு கெளம்புறப்ப பழசு விழுந்துரும். ஒரு நாளைக்கு 50லேர்ந்து 100 விழுறது எல்லாருக்கும் உள்ளதுதான். நீ மாசமா இருந்தப்ப ஒடம்புல ஈஸ்ட்ரோஜன்ங்குற ஹார்மோன் கூடிப்போயி, ஓய்வுக்குப் போக வேண்டிய முடியெல்லாம் போகாம வளந்துக்கிட்டே நின்னிருக்கு. வளைகாப்பு போட்டோ எடுத்துப் பாரு, சடை என் மணிக்கட்டு மொத்தம் இருக்கும், அப்ப யாரும் அழுகல. பிள்ள பொறந்ததும் அந்த ஈஸ்ட்ரோஜன் சட்டுனு கொறஞ்சு, நின்ன முடி பூரா ஒண்ணா ஓய்வுக்குப் போயிருச்சு, 3 மாசம் கழிச்சு ஒண்ணா விழுது. தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு போடுற நம்ம பட்டறையில வருசம் பூரா லீவு போடாம வேல பாத்துட்டு திருவிழான்னதும் அத்தன பேரும் ஒரே நாள்ல போயிருவாங்கல்ல, பட்டறையே காலியா கெடக்கும், பாக்குறவனுக்கு மூடிட்டாங்க போலன்னு தோணும், அந்த மாதிரி வச்சுக்க. வேரு சாகல. பாப்பாவுக்கு 1 வயசு ஆகுறதுக்குள்ள பெரும்பாலும் பழையபடி வந்துரும். அதுக்கும் மேல கொட்டுனாலோ, வட்டமா சொட்டை விழுந்தாலோ, ரொம்ப அசதியா இருந்தாலோ அங்க கனடாவுலயே டாக்டரப் பாத்து தைராய்டும் இரும்புச் சத்தும் டெஸ்ட் எடுத்துரு.

உங்க அம்மாகிட்ட இதச் சொன்னேன், டாக்டருக்கு என்ன தெரியும்னு கேக்குறா. கரிசலாங்கண்ணி எண்ணெ காய்ச்ச ஆரம்பிச்சிட்டா. வெளிய தெரியிற முடிக்கு உயிரே இல்லடி, உயிரு வேர்லதான், அதான் வெட்டுனா வலிக்கல பிடுங்குனா வலிக்குது, எண்ணெ முடிக்கு மேல வழவழப்பு குடுக்கும் அவ்வளவுதான்னேன். அப்ப நாப்பது வருசமா ஏன் தேய்ச்சுவிடச் சொன்னீகன்னு கேட்டா, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

முடி, நகம், தோலோட மேல் அடுக்கு எல்லாம் ஒரே சரக்குத்தான், கெரட்டின்னு பேரு. சிராவயல் மஞ்சுவிரட்டுல வர்ற காளைக்கு கொம்பு மேல உறை மாதிரி இருக்கே அதுவும் அதேதான். அதக் கேட்டதும் உன் தம்பி, அப்ப அக்கா தலையில இருக்கது மாட்டுக் கொம்பாங்குறான். குரூப் 2 எழுதப் போற பையன் பேசுற பேச்சு.

இப்ப என் கை கதை. போன மாசம் ரேசன் கடையில மிஷின்ல வெரல வச்சேன், எடுக்கல. தொடச்சு வச்சேன், எடுக்கல. பத்து வெரலும் வச்சாச்சு. பின்னாடி நிக்கிறவுக முனங்க ஆரம்பிச்சிட்டாக, எனக்கு கை வேர்த்து வேர்த்து இன்னும் மோசம். மூணு நாளு அலைஞ்சு கடைசில கண்ண வச்சுத்தான் அரிசி வாங்குனேன். என் ஆதார் என் மொகத்தோட கையில இருக்கு, ஆனா நான் நானில்லங்குது மிஷினு. சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் திண்ணையிலயே உக்காந்திருந்தேன்.

டாக்டரம்மா லென்ஸ் வச்சு பாத்துட்டு, ரேகை அழியலண்ணே தேஞ்சிருக்குன்னாக. இத நம்ம கல்லு போடுறத வச்சு யோசிச்சேன், அப்பறந்தான் வெளங்குச்சு. ஆத்தங்குடிக் கல்லு தலகீழாத்தான பொறக்குது, கண்ணாடி மேல அச்ச வச்சு மொதல்ல கலர ஊத்துறோம், அது மேல காஞ்ச சிமெண்டு மணலத் தூவுறோம், அதுக்கும் மேல ஈரக் கலவை, காஞ்சு தண்ணித் தொட்டியில ஊறி திருப்புனா கலரு மேல வந்துருது. தோலும் மூணு அடுக்குதான். மேல்தோல் காகிதம் மாதிரி, அதுல ரத்தக்குழாயே கெடையாது, அதான் லேசா சிராய்ச்சா ரத்தம் வர்றதில்ல. அதுக்கு அடியில உள்தோல், ரத்தம், நரம்பு, முடியோட வேரு, வேர்வை சுரப்பி, எண்ணெ சுரப்பி எல்லாம் அங்கதான் கெடக்கு. அதுக்கும் கீழ கொழுப்பு, மெத்தை மாதிரி. ஆனா கல்லுல மேல் பூச்சு தேஞ்சா தேஞ்சதுதான், தோலுல மேல்தோலோட அடிவரிசையில புதுசு பொறந்து பொறந்து மேல தள்ளிக்கிட்டே வரும், ஏறக்குறைய ஒரு மாசத்துல மேல வந்து செத்து உதுந்துரும். ரேகையோட அச்சு அந்த அடியில இருக்கு. நீ வயித்துல இருந்தப்ப மூணாவது மாசத்துலேர்ந்து ஆறாவது மாசத்துக்குள்ள விழுந்த அச்சு, அது மாறாது. மேல தேய்ஞ்சாலும் கைக்கு ஓய்வு குடுத்தா அதே கோடு அதே எடத்துல வரும். ஆழமா வெட்டோ தீக்காயமோ பட்டு அடி அச்சே கெட்டாத்தான் போகும்.

எனக்கு ஏன் தேயுதுன்னா சிமெண்டு. தோலு மேல லேசா புளிப்புத் தன்மை இருக்கு, பிஎச்ங்குற புளிப்பு காரக் கணக்குல 5 கிட்ட, கிருமி அண்டாம இருக்க அது வேணும். ஈர சிமெண்டு 12, 13ன்னு காரம். நாளு பூரா அதுல கைய வச்சிருந்தா என்னத்துக்கு ஆகும். போதாக்கொறைக்கு சிமெண்டுல இருக்க குரோமியம் சில பேருக்கு அலர்ஜி ஆகி அரிப்பும் வெடிப்புமா வருது, எனக்கு வெரல் இடுக்குல வந்துச்சே, அது அதுதான். இன்னொண்ணு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் எண்ணெ சுரப்பியே கெடையாதாம், ஒடம்பு பூரா தானா எண்ணெ விட்டுக்கிருது, அதிகமா ஒழைக்கிற எடத்துக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. வேர்வை சுரப்பி மட்டும் அங்க நெறைய, பயந்தா ஒடனே வேர்க்கும், ரேசன் கடையில எனக்கு வேர்த்தது அதான். கிளவுஸ் போடச் சொல்றாக. போட்டா கலரு ஊத்துறப்ப கோடு தப்புதுன்னேன். அப்ப கலவைக்காவது போடுங்கன்னாக, அது நியாயந்தான்.

உன் தம்பிகிட்ட இதச் சொன்னப்ப அவன் படிச்சத எடுத்து விட்டான். 1858ல வங்காளத்துல வில்லியம் ஹெர்ஷெல்னு ஒரு வெள்ளக்கார அதிகாரி, ரோட்டுக்கு சரளை சப்ளை பண்ண வந்த ராஜ்யதர் கோனாய்ங்குறவரோட உள்ளங்கைய மையில அமுக்கி ஒப்பந்தத்துல பதிஞ்சிருக்காரு, பேச்சு மாறக்கூடாதுன்னு. அப்பறம் 1897ல கல்கத்தாவுல கைரேகை பீரோவே ஆரம்பிச்சிட்டாங்க, உலகத்துலயே அதான் மொதல்லன்னு சொல்றாங்க. ஆக அன்னைக்கு ரேகைக்கு கை குடுத்தது சரளை சப்ளை பண்ண ஆளு, இன்னைக்கு ரேகை விழாம நிக்கிறதும் கல்லு மண்ணுல வேல பாக்குற ஆளு.

உன் கை வெடிக்குதுன்னியே, அதுவும் எண்ணெ இல்லாத கதைதான். அங்க குளுருல காத்து காஞ்சு, வீட்டுக்குள்ள ஹீட்டர் இன்னும் காய வச்சிருது, நீ வேற கொதிக்கக் கொதிக்க குளிக்கிற, அது இருக்க எண்ணெயவும் கழுவிட்டுப் போயிரும். வெதுவெதுப்பா சீக்கிரம் குளி, துண்டால ஒத்தி எடுத்து ஈரம் இருக்கப்பவே வாசலின் தடவிரு, காஞ்சதுக்கப்பறம் தடவி அவ்வளவா பிரயோசனம் இல்ல. பாப்பாவுக்கு அங்க ஆஸ்பத்திரில குடுக்கச் சொன்ன வைட்டமின் டி சொட்டு மருந்த நிறுத்திராத. நம்ம ஊருல வெயில்ல நின்னா தோலே அதத் தயார் பண்ணிக்கும், கனடா குளுருகால வெயிலுக்கு அந்தத் தெம்பு இல்ல, அதுலயும் பிள்ளைய கம்பளியில சுத்தித்தான வச்சிருக்க.

அப்பறம், பிள்ள கலரு கம்மின்னு உங்க மாமியா வீட்டுப் பக்கம் யாரோ சொன்னாகன்னு அம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. தோலுக்கு கலரு குடுக்குற செல்லு வெள்ளக்காரனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான், அது செய்யிற மெலனின்ங்குற சாயம் எவ்வளவு எந்த மாதிரிங்குறதுலதான் வித்தியாசம், வெயிலு உள்ள போயி செல்ல கெடுக்காம கொடை பிடிக்கிறதே அதுதான். கிரீம் கிரீம்னு யாரும் பிள்ள மேல தடவ விட்டுறாத, இது மட்டும் கண்டிப்பாச் சொல்றேன்.

நகத்துல வெள்ளப் புள்ளி இருக்கு கால்சியம் பத்தலன்னு பயந்தியே, அது பெரும்பாலும் எங்கயோ இடிச்சுக்கிட்டது, நகம் வளர வளர அதுவும் நகந்து போயிரும். தை மாசம் என் கட்டை வெரல்ல கல்லு விழுந்து கருத்துச்சே, நான் அதப் பாத்துக்கிட்டே இருந்தேன், பிறை மாதிரி வெள்ளையா இருக்குல்ல அதுக்குப் பக்கத்துல இருந்த கருப்பு மாசம் 3 மில்லிமீட்டர் கணக்குல மேல போயி மேல போயி ஆடியிலதான் வெட்டி எறிஞ்சேன். கால் நகம்னா 1 வருசத்துக்கு மேல ஆகும். பாப்பாவுக்கு தூங்குறப்ப வெட்டு, கடிச்சு எடுக்காத, உன்னய அப்பத்தா அப்படித்தான் எடுத்து சீழ் வச்சிருச்சு.

கோயில் திருவிழாவுக்கு பட்டறை 15 நாளு மூடியிருந்துச்சு, நானும் கைய நனைக்காம தேங்காண்ணெ தடவிக்கிட்டு சும்மா இருந்தேன். காரைக்குடிலேர்ந்து வர்ற வழியில அப்படியே ரேசன் கடைக்குப் போயி வலது நடுவெரல வச்சேன். எடுத்துருச்சு. சீனி ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தேன்.

உங்க அம்மா எண்ணெய ஊத்தி மூடி பார்சலும் கட்டிட்டா, தடுக்க முடியல. வந்துச்சுன்னா பாப்பா தலையில வச்சிராத, உன் குதிகால் வெடிப்புக்குத் தேயி, ஆனா தலையில தேய்ச்சேன்னு சொல்லு.

அப்பா