கம்ப்ரசர்களைக் கூரைக்கே திரும்ப ஏற்றுங்கள்: எங்கள் சிங்கப்பூர் கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் பலமுறை மின்னஞ்சலாக எழுதிவிட்டோம். ஒவ்வொரு முறையும் "கவனத்தில் எடுத்துக்கொண்டோம்" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. குழுவில் தமிழர்கள் இருக்கிறீர்கள். எங்கள் புளோக்கிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதனால் இந்த முறை எல்லாரும் படிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கிளப்ஹவுஸ் கூரை ஒழுகியபோது அங்கிருந்த ஏர்கான் கம்ப்ரசர்களை எங்கள் புளோக்கின் பின்பக்கம் இறக்கி வைத்தீர்கள். தற்காலிகம்தான் என்றீர்கள். கூரை வேலை எப்போதோ முடிந்துவிட்டது; கம்ப்ரசர்கள் மட்டும் எங்கள் சமையலறைச் சன்னல்களுக்குக் கீழேயே நிற்கின்றன. சென்ற பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்டதற்கு, "கொஞ்சம் பொறுங்கள், நிலத்தடி வெப்பப் பம்பு வரப்போகிறது, அப்புறம் கம்ப்ரசரே தேவைப்படாது" என்று சொல்லி ஒரு வண்ணத் துண்டறிக்கையைக் கையில் கொடுத்தீர்கள். இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. இன்றும் தன் கையால்தான் சமைப்பார். வேறு யாரையும் அடுப்படிக்குள் விடமாட்டார். கிளப்ஹவுஸின் ஜிம்மும் ஹாலும் காலையில் திறந்ததும் கம்ப்ரசர்கள் ஓடத் தொடங்கும். அதன் பிறகு சமையலறைச் சன்னலைத் திறந்தால் அனல் நேராக முகத்தில் அடிக்கும். சன்னலை மூடிக்கொண்டு தாளித்தால் புகை உள்ளேயே சுற்றும், அம்மாவுக்கு இருமல் நிற்காது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இரவு ஜிம்மை மூடி, மோட்டார் சத்தம் அடங்கிய பிறகு, பத்தரை மணிக்கு மேல் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மறுநாளைக்கான சாம்பாரையும் பொரியலையும் செய்கிறார். எண்பத்தைந்து வயதில் ஒருவர் தூங்க வேண்டிய நேரத்தில் அடுப்பு முன்னால் நிற்கிறார். இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஓர் உறுப்பினர், "அப்படியென்றால் துணி சீக்கிரம் காயுமே" என்றார். சிலர் சிரித்தார்கள். அம்மா அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

கம்ப்ரசர்களைக் கூரைக்கே திரும்ப ஏற்றுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

துண்டறிக்கையை ஒரு வரி விடாமல் படித்தேன். கட்டடங்களைக் குளிரூட்டும் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெப்பப் பம்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது குளிரை உண்டாக்குவதில்லை. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது. குழாயில் ஓடும் குளிர்பதனத் திரவம் அறைக்குள் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி மேலும் சூடாக்குகிறது. வெளியே போனதும் அது திரும்பத் திரவமாகி, வாங்கிய வெப்பத்தை விட்டுவிடுகிறது. ஓட்டத்தின் திசையை ஒரு வால்வால் மாற்றினால் அதே எந்திரம் வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும். சாதாரண ஏர்கானும் நிலத்தடி வகையும் இதில் ஒன்றேதான். முதலாவது வெப்பத்தைக் காற்றில் விடுகிறது. இரண்டாவது, புதைத்து வைத்த பிளாஸ்டிக் குழாய்களில் ஓடும் தண்ணீர் வழியாக மண்ணில் விடுகிறது. நிலம் தாராளமாக இருந்தால் குழாயை ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் படுக்கவைப்பார்கள். இல்லையென்றால் 100 மீட்டர் அளவுக்கு ஆழ்துளை போடுவார்கள். இரண்டிலும் கம்ப்ரசர் இருந்தே ஆக வேண்டும். "கம்ப்ரசரே தேவைப்படாது" என்று உங்களிடம் சொன்னவர் யாரோ, அவரிடம் தயவுசெய்து திரும்பக் கேளுங்கள்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஏர்கான் 1 கிலோவாட் மின்சாரத்தைக் கொண்டு 3, 4 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும். வெளியே வருவது அந்த வெப்பம் மட்டுமல்ல, எந்திரம் இழுத்த மின்சாரமும் வெப்பமாகிச் சேர்ந்துகொள்ளும். 4 கிலோவாட்டை எடுத்தால் 5 கிலோவாட் வெளியே வரும். ஜிம்மில் ஓடுபவர்களுக்குக் குளிர் கிடைக்க, அத்தனை வெப்பமும் இப்போது எங்கள் சன்னல்களுக்கு ஏறுகிறது.

சுவீடனிலும் கனடாவிலும் நிலத்தடி முறை நன்றாக ஓடுவதற்குக் காரணம் அங்குள்ள பருவங்கள். சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது. அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டியே இருக்கும். வெளியே காற்று உறைநிலைக்கு வெகு கீழே போனாலும் மண்ணிலிருந்து வெப்பம் எடுக்க முடியும். கோடையில் வெயிலிலிருந்தோ வீட்டிலிருந்தோ மண்ணுக்குள் இறங்கிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். இறங்கியதும் எடுத்ததும் ஓரளவு ஈடாகிவிடும்.

சிங்கப்பூரின் வருடச் சராசரியே 28 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. மண்ணும் ஏறக்குறைய அப்படித்தான். இரவில் காற்று 25, 26 டிகிரிக்கு இறங்குகிறது, மண் இறங்குவதில்லை. பெரும்பாலான வீடுகளில் ஏர்கான் ஓடுவது இரவில்தான். அந்த நேரத்தில் மண்ணைவிடக் காற்றுதான் குளிர்ச்சி. எல்லாவற்றுக்கும் மேலாக நமக்குக் குளிர்காலமே கிடையாது. 12 மாதமும் மண்ணுக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருப்போம், திரும்ப எடுக்க மாட்டோம். நிலத்தடி நீர் ஓடி வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகாவிட்டால், குழாயைச் சுற்றியுள்ள மண் வருடத்துக்கு வருடம் சூடேறும். மண் சூடேற ஏற எந்திரம் அதிக மின்சாரம் இழுக்கும். இதைப் பற்றித் துண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

அதில் இருப்பது செம்பவாங் வெந்நீரூற்றின் படம். கூடவே, அதற்குப் பக்கத்திலுள்ள அட்மிரல்ட்டியில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி பதிவான செய்தி. அந்தச் செய்தி உண்மைதான்; நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த அருமையான வேலை. ஆனால் அவர்கள் தேடுவது மின்சாரம் எடுக்கப் பயன்படும் ஆழத்து வெப்பத்தை. நாம் தேடுவது வெப்பத்தைக் கொண்டுபோய் விட ஒரு குளிர்ந்த இடத்தை. கீழே சூடாக இருக்கிறது என்ற செய்தியைக் காட்டி, அங்கே நம் வெப்பத்தை இறக்கலாம் என்று குடியிருப்பாளர்களிடம் சொல்வது நியாயமில்லை.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோதனைக்கு ஓர் ஆழ்துளை போட்டு, குழாயில் சூடான தண்ணீரை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஓடவிட்டால், நம் நிலம் வெப்பத்தை எவ்வளவு வேகமாக வாங்குகிறது என்பது தெரிந்துவிடும். பல நாடுகளில் வழக்கமாகச் செய்யும் சோதனை இது. அந்த முடிவையும், இருபது வருடத்தில் மண் எவ்வளவு சூடேறும் என்ற கணக்கையும் காட்டாமல் சிங்கிங் ஃபண்டிலிருந்து (பெரிய பழுதுவேலைகளுக்கென்று சேர்த்து வைக்கும் நிதி) ஒரு வெள்ளிகூட (டாலர்) எடுக்காதீர்கள். அது நாங்கள் மாதாமாதம் கட்டிய பணம்.

மரினா பேயில் 2006 முதல் பல கட்டடங்களுக்கு ஒரே இடத்தில் தண்ணீரைக் குளிரவைத்து நிலத்தடிக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள். புதிய நகரான தெங்காவில், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் கூரையிலேயே தண்ணீரைக் குளிரவைக்கும் எந்திரங்களை வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வெப்பம் காணாமல் போவதில்லை. யார் சன்னலுக்கும் நேராக இல்லாமல் உயரத்தில் விடுகிறார்கள். இந்தத் தீவில் எங்கே பார்த்தாலும் ஒருவருடைய குளிர் இன்னொருவருடைய அனலாகத்தான் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் கடைகளின் பின்பக்கச் சந்துக்குள் போய்ப் பாருங்கள். உள்ளே வாடிக்கையாளருக்கு ஜில்லென்று இருக்கும். பாத்திரம் கழுவும் தொழிலாளி ஓடும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார். பசுமை என்று அட்டையில் அச்சடிக்கும் யாரும் அந்தச் சந்துகளைப் பற்றிப் பேசுவதில்லை. அது எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்குகிறது.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். ஆழ்துளைத் திட்டம் நல்லபடியாக நடந்தாலும் முடிய வருடங்கள் ஆகும். அதுவரை அம்மாவால் காத்திருக்க முடியாது. கம்ப்ரசர்களைக் கூரைக்கே திரும்ப ஏற்றுங்கள். அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஏற்றும் வரை, அனல் காற்றைச் சன்னல்களிலிருந்து விலக்கிவிடத் தகரக் குழல்களாவது மாட்டுங்கள். கூரை வேலையின்போது உண்மையிலேயே இடைஞ்சல் இருந்தது என்பது எங்களுக்குப் புரிகிறது. அப்போது நாங்கள் பொறுத்துக்கொண்டோம். இப்போது இடைஞ்சல் எதுவும் இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் விஷயமாகச் சேர்த்து, எந்தத் தேதிக்குள் ஏற்றுவீர்கள் என்று எழுத்தில் பதில் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின்புற புளோக், இரண்டாம் மாடிக் குடியிருப்பாளர்