ஷட்டர் திறக்க முன்னமே பிளாஷ் மின்னினால்

வெள்ளவத்தை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும், துருத்திக் கமராவில் பிளாஷ் அடித்து உன் பெரியப்பாவை எடுத்த நெகட்டிவ்களும் வந்து சேர்ந்தன. ஏன் அவர் விழவில்லை என்று கேட்டிருக்கிறாய். இந்தக் காலத்தில் நெகட்டிவைத் தபாலில் அனுப்புகிற ஆள் நீ ஒருவன்தான் இருப்பாய். யன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். அவர் இருந்த இடம் வெறுமை. ஆனால் அவருக்குப் பின்னால் இருக்கிற யன்னல் கம்பிகள் மங்கலாக விழுந்திருக்கின்றன, கவனித்தாயா? பாதி விடை அதிலேயே இருக்கிறது. லென்ஸுக்குள் தகடுகளை விரித்து மூடுகிற ஷட்டர் திறந்திருக்கிறது. பிலிமைச் சரியான பக்கம்தான் போட்டிருக்கிறாய். டெவலப்பரிலும் குறையில்லை. பிளாஷும் அடித்தது என்கிறாய். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று ஷட்டரைக் கழற்றிவிட்டு வேறு வாங்கப் போகிறாயாம். பொறு. இப்போதைக்கு ஒரு சதமும் செலவழிக்காதே.

ஷட்டரின் விளிம்பில் நகத்தால் தள்ளக்கூடிய ஒரு சின்ன லீவர் இருக்கும். பக்கத்தில் வி, எக்ஸ், எம் என்று மூன்று எழுத்து. உன்னுடையது ஐம்பதுகளின் சிங்க்ரோ கொம்பூர் என்ற ஜேர்மன் ஷட்டர் என்றபடியால் நிச்சயம் இருக்கும். அது எம்மில் நிற்கிறது என்று பந்தயம் கட்டத் தயார்.

எம் என்பது பழைய பிளாஷ் பல்புக்கு உரியது. ஒரு தடவை எரிந்து கருகிப் போகுமே, அந்தக் கண்ணாடிக் குமிழ். கரண்ட் பாய்ந்த உடனே அதில் முழு வெளிச்சம் வராது. உள்ளேயிருக்கும் உலோக இழை பற்றி எரிந்து உச்சத்தைத் தொட ஏறக்குறைய 20 மில்லிசெக்கன் எடுக்கும். அதனால் ஷட்டர் முதலில் பல்பைப் பற்றவைத்து, கொஞ்சம் தாமதித்து, பிறகுதான் திறக்கும். நீ மாட்டியிருப்பது இலத்திரனியல் பிளாஷ். அது பெரும்பாலும் 1/1000 செக்கனுக்குள் மின்னி ஓய்ந்துவிடும். எம்மில் வைத்து அடித்தால், தகடுகள் விரிய முன்னமே எல்லாம் முடிந்துபோகும். எக்ஸ் என்றால் தகடுகள் முழுக்க விரிந்த கணத்தில்தான் தொடர்பு ஏற்படும். ஆகவே உன் ஷட்டர் பழுதில்லை. அந்தப் பழைய காலத்துப் பல்பு ஒன்றுக்காக அது நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எக்ஸுக்குத் தள்ளிவிடு. வியை மட்டும் தொடாதே. அது செல்ப் டைமர், சற்றுப் பொறுத்துத் தானாக அடிக்கிற வசதி. பழைய ஷட்டர்களில் எண்ணெய் இறுகி அது பாதியில் சிக்கினால் பிறகு முழு ஷட்டரும் நின்றுவிடும்.

டிஜிட்டல் கமராவில் ஷட்டர் வேகம் 1/200, 1/250 செக்கனைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழுமே, அந்தத் தொல்லை இதில் இல்லை. ஷட்டர் லென்ஸோடு இருப்பதால் எக்ஸில் எல்லா வேகத்திலும் ஒத்துப்போகும். பிழைத்தாலும் பட்டை வராது, முழுப்படமும் மெலிந்துபோகும். உன் நெகட்டிவைப் போல.

பிலிமை வீணாக்காமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கமராவின் பின்பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அறையை மங்கலாக்கி, பிளாஷை வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வை. லென்ஸும் அந்தச் சுவரையே பார்க்கட்டும். லென்ஸ் துவாரத்தை, அதுதான் எஃப் எண்ணை, முழுக்கத் திறந்துவிட்டு, பிலிம் இருக்கவேண்டிய இடத்தில் உன் கண்ணை வைத்துக்கொண்டு அடி. சரியென்றால் வட்டமாக, ஓரம் நேர்த்தியாக, ஒரு வெள்ளைத் தட்டுத் தெரியும். சற்று முந்தினால் அந்த வட்டம் நட்சத்திரமாகச் சுருங்கும், தகடுகள் பாதி விரிந்த நிலை அது. நன்றாக முந்திவிட்டால் ஒன்றுமே தெரியாது. எம்மிலும் ஒருதரம் பார், வித்தியாசம் உடனே விளங்கும். வேகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதும் நல்லது. (பிளாஷை நேரே லென்ஸுக்குள் காட்டிவிட்டுக் கண்ணை வைக்காதே. உன்னைத் தெரிந்தபடியால் சொல்கிறேன்.)

எக்ஸிலும் பிளாஷ் அடிக்காமல் விட்டால், வயர் செருகுகிற அந்தச் சின்ன வட்டத் துளையைப் பார். இங்கே கடற்காற்றுக்குப் பித்தளை எல்லாம் பச்சை பிடிக்கும். யாழ்ப்பாணத்திலும் உப்புக் காற்றுத்தானே. பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, அல்ககோல் தொட்டுத் துடை. மல்ரிமீற்றரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து, ஷட்டரை ஒரு செக்கனில் அடித்தால், தகடுகள் திறந்திருக்கும்போது கீச்சென்று சத்தம் வரவேண்டும்.

அந்தப் பழைய பிளாஷை, வயரில்லாமல் அடிக்க வைக்கிற புது ரேடியோ ட்ரிகரில் மாட்ட முன்னம் அதன் இரண்டு முனைகளிலும் வோல்டேஜை அளந்து பார். சில பழைய பிளாஷ்களில் 200 வோல்டுக்கு மேலும் இருக்கும். ட்ரிகர் ஒரே அடியில் போய்விடும்.

இனி உன் மற்ற லென்ஸ், அந்த டயல் வைத்த கொம்பூர். வயர் செருக ஓட்டையே இல்லை என்று குறைப்படுகிறாய். கொம்பூர் வந்தது 1912 வாக்கில். முதல் பிளாஷ் பல்பு ஜேர்மனியில் கடைக்கு வந்தது 1929இல். பல்பே பிறக்காத காலத்து ஷட்டரில் ஓட்டையை எங்கே தேடுவது? அந்தக் காலத்தில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தினார்கள். ஷட்டரைத் திறந்து வைப்பார்கள், பொடியைப் பற்றவைப்பார்கள், மூடுவார்கள். நீயும் அதையே செய். இரவு லைட்டை அணைத்துவிட்டு, ஷட்டரைத் திறந்து பிடித்தபடி கையால் பிளாஷை ஒருதரம் அடித்து, மூடிவிடு. எனக்கு உண்மையில் இந்த முறைதான் விருப்பம். ஒத்துப்போகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. வெளிச்சத்தை மெதுவாக வாங்கும் ஐ.எஸ்.ஓ. 100 பிலிம், துவாரம் சிறிதான எஃப் 16 என்றால், திறந்திருக்கிற ஓரிரண்டு செக்கனில் ஒழுகி வரும் வெளிச்சம் ஒன்றும் செய்யாது.

ஒரு சங்கடம் உண்டு. போன மாதம் மாமியை இப்படித்தான் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் கண்மணி இரண்டும் கறுப்பாகப் பெருத்து, பேயைக் கண்டவர் போல இருந்தார். இருட்டில் கண்மணி விரியும், பிளாஷோ அது சுருங்க முன்னம் முடிந்துவிடும். அடுத்ததற்கு அவருக்குப் பக்கத்தில் சாமி விளக்கை எரியவிட்டேன், கண் இயல்புக்கு வந்தது. இருட்டில் ஆடாமல் இருக்கப் பெரியப்பா சம்மதிக்க மாட்டார் என்கிறாய். ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானவர். அவருடைய கமராவுக்கு முன்னால் ஆட்கள் நிமிடக்கணக்காக அசையாமல் இருந்தார்கள். இவருக்கு மூன்று செக்கன் முடியாதா?

கணக்கு உனக்குத் தெரிந்ததுதான். பிளாஷின் சக்தியைக் காட்டுகிற கைட் நம்பரைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும்: 40 என்றால் இரண்டரை மீற்றரில் எஃப் 16. பெல்லோஸை, அந்தத் துருத்தியை, மறந்துவிடாதே. 210 மில்லிமீற்றர் லென்ஸில் முகத்துக்குக் கிட்டப் போய் 250 வரை நீட்டினால் 1.4 மடங்கு வெளிச்சம் வேண்டும், அரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்).

இங்கே புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. காலி வீதியில் நாங்கள் பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுத்த ஸ்ரூடியோ போன் கடையாகிவிட்டது. பின்னறையில் கிடந்த இரண்டு லைட் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் பழைய முதலாளி. ஒன்று உனக்கு. மகளுக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறது, பேராதனை. வீடு வெறிச்சோடப் போகிறது என்று இவள் இப்போதே முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறாள். ஆடிவேல் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாயே, வந்தால் உன் ஷட்டரையும் கொண்டு வா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சரியான வயர் பார்த்து வாங்கலாம்.

அதற்கு முன்னம் அந்த லீவர் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடு. எம்மில் நின்றால் பந்தயத்துக்கு ஒரு கட்டு ஒடியல். பெரியப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் வெள்ளவத்தைக்காரன்