ஊஞ்சல் கொக்கி

அன்பு மகளுக்கு,

நீ வெல்டிங் செய்த ஊஞ்சலின் போட்டோ பார்த்தேன். பற்றவைத்த இடத்தில் பீடு ஒரே சீராக, காசு அடுக்கின மாதிரி விழுந்திருக்கிறது. "நல்லா இருக்கு" என்று ஒரு வரி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். அதன் பிறகு நீயும் போன் செய்யவில்லை.

வீட்டுப் பிளக்கில் ஓடும், வயரை உருக்கிப் பற்றவைக்கும் சின்ன மிக் மிஷினை நான் குறைசொல்லவில்லை. 1 மி.மீ. தகட்டிலிருந்து 3 மி.மீ. வரை அது தாராளமாகச் செய்யும். நீ செய்த மேசைக் கால் இன்றுவரை அசையவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ஆனால் இரும்புக்கு ஒரு கணக்கு உண்டு: மி.மீ.க்குச் சுமார் 40 ஆம்ப். 3 மி.மீ.க்கு 120. உன் மிஷினை முழுதாகத் திருகினாலும் 130தான். கொக்கி பிளேட் 6 மி.மீ. போலத் தெரிகிறதே அம்மா? ஒரே ஓட்டத்தில் பிடிக்க 240 வேண்டும்.

சூடு போதாவிட்டால் வயர் உருகும், பிளேட் உருகாது. உருகின வயர் மேலாகப் படுத்துக்கொள்ளும். பார்வைக்கு நல்ல பீடு, பிடிப்பு கிடையாது. விளிம்பை வி வடிவில் கிரைண்டரில் சாய்த்து, இரண்டு மூன்று ஓட்டமாக நிரப்பினால் 5 மி.மீ. வரை சமாளிக்கலாம். அதுவும் ஆள் தொங்காத வேலைக்கு மட்டும்.

டியூட்டி சைக்கிள் 20 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் பற்றவைப்பு, மீதி எட்டும் ஆறவிடு. சூட்டு விளக்கு எரிந்தால் சுவிட்சை அணைக்காதே, உள்ளே ஃபேன் ஓட வேண்டும். மெல்லிசான நீள எக்ஸ்டென்ஷன் வயர் போட்டிருந்தால் அந்த 130ம் வராது. வெட்டவெளியில், பீடைக் காற்றுப் படாமல் காக்கும் கேஸ் வைத்துச் செய்தாயா? காற்று கேஸை அடித்துக்கொண்டு போய், பீடுக்குள் ஓட்டை ஓட்டையாக விழும். கேஸ் இல்லாமல் ஓடும், உள்ளே மருந்து அடைத்த ஃப்ளக்ஸ் கோர் வயர் என்றால், வயர் வரும் டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும், கேஸ் வயருக்குப் பாசிட்டிவ். மாற்ற மறந்தால் ஒரே தெறிப்பு. பிளேட்டின் கருந்தோலையும் பளபளப்பு வரும்வரை தேய்த்தாயா என்று கேட்க வேண்டும். ஜிஐ பைப் என்றால் பூச்சை நீக்காமல் தொடாதே, துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும்.

எதையோ சொல்ல வந்து எதையெதையோ எழுதுகிறேன். 6 மி.மீ., 130 ஆம்ப். அதுதான் விஷயம்.

உன்மேல் தப்பில்லை. பீடு அழகாக விழுந்தால் முதுகில் தட்டிக்கொடுத்தவன் நான். ஒரு தடவையாவது அதை உடைத்துக் காட்டினேனா? ஏணி விஷயத்துக்குப் பிறகும் காட்டவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

இப்போதாவது செய்து பார். அதே கனத்தில் இரண்டு துண்டு வெட்டி, டி மாதிரி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவை. அடித்துண்டை வைஸில் இறுக்கி, நிற்கிற துண்டைப் பற்றவைக்காத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடி. வளைந்து மடங்கினால் நல்லது. அடிப் பிளேட்டில் தடமே இல்லாமல் தோல் மாதிரி உரிந்து வந்தால், கொக்கியும் அப்படித்தான் நிற்கிறது.

அந்தப் பிளேட்டுகளை 200 ஆம்புக்கு மேல் உள்ள மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடு. இல்லையென்றால் சட்டத்தோடு சேர்த்துத் துளைபோட்டு, 12 மி.மீ. போல்ட்டும் லாக் நட்டும் போடு.

அதுவரை சங்கிலியைக் கழற்றி வை. சின்னவன் தூங்கும்போது கழற்று, பார்த்தால் விடமாட்டான்.

அப்பா