ஐஸ்லாந்து கார் பயண அட்டவணையில் இருந்த பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்: பயணத் தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: ஓட்டக்கூடாத சாலையைச் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட பயண அட்டவணைக்கான கட்டணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மே மாத நடுவில் நானும் என் மனைவியும் ஐஸ்லாந்தில் நாங்களே கார் ஓட்டிச் சென்ற நான்கு நாள் பயணத்துக்கான தொகுப்பைத் தங்கள் நிறுவனத்திடம் வாங்கியிருந்தோம். வாடகைக் கார், மூன்று இரவுத் தங்குமிடம், நாள்வாரியான வழித்தட அட்டவணை ஆகிய மூன்றும் அதில் அடங்கும். காரும் தங்குமிடங்களும் சொன்னபடியே அமைந்தன. அவற்றைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. தனிக் கட்டணம் பெற்றுக்கொண்டு தாங்கள் தயாரித்த அட்டவணைதான் எங்களைச் சிக்கலில் மாட்டிவிட்டது.

இரண்டாம் நாள் ஹெல்லாவிலிருந்து புறப்பட்டு, லண்ட்மன்னலௌகர் மலைப்பகுதிக்கு ஏறி, அங்கிருந்து ‘சாலை 208’ வழியாகத் தெற்கே இறங்கி, மாலையில் வீக் ஊரை அடைய வேண்டும் என்று அட்டவணை கூறியது. முதல் நாள் காலை கெஃப்லவிக் விமான நிலையத்தில் கார் சாவியைப் பெறும்போது, வாடகை அலுவலகப் பணியாளர் எதேச்சையாக அந்தத் தாளைப் பார்த்தார். 208 என்ற எண்ணுக்கு முன்னால் பேனாவால் ‘எஃப்’ என்று எழுதி, அதைச் சுற்றி வட்டமிட்டு, இந்தக் காரில் அங்கே போகவே கூடாது என்று சொன்னார். அவர் பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஐஸ்லாந்தில் எண்ணுக்கு முன் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது மலைச்சாலை என்று பொருள். அவை தார் போடாத கரடுமுரடான பாதைகள்; பல இடங்களில் பாலம் இல்லாததால் ஆற்றுக்குள் வண்டியை இறக்கித்தான் அக்கரை போக வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் மட்டுமே அவற்றில் செல்லலாம். 208 என்ற பெயரில் சாதாரணச் சாலை ஒன்றும் அங்கே இருக்கிறது. நாட்டைச் சுற்றிவரும் முதன்மை நெடுஞ்சாலையான வட்டச் சாலையிலிருந்து பிரியும் அதுவே மலைக்குள் செல்லும்போது எஃப்208 ஆகிவிடுகிறது. ஆகவே தங்கள் அட்டவணையில் ஓர் எழுத்து விடுபட்டதை அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. எண்ணை மட்டும் பார்த்துச் செல்பவர் வேறொரு சாலைக்குரிய நம்பிக்கையோடு ஆற்றங்கரையில் போய் நிற்க நேரிடும்.

இது குறித்து அன்றே நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, ‘பருவநிலையால் சாலை மூடப்படுவது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, சாலை நிலையை அறிந்துகொள்வது பயணியின் பொறுப்பு’ என்று பதில் வந்தது. முதற்பகுதியை வாதத்துக்காக ஏற்றுக்கொள்கிறேன். பனி உருகி மண் இறுகும் வரை அந்த மலைச்சாலைகளை மூடியே வைத்திருப்பார்கள் என்பதும், எஃப்208 வழக்கமாக ஜூன் மாதத்தில்தான் திறக்கும் என்பதும், மே மாதப் பயணத்துக்குத் திட்டம் போடுபவர் அறிந்திருக்க வேண்டியவை என்றாலும், அதை இப்போது விட்டுவிடுகிறேன். ஆனால் எங்களுக்கு முன்பதிவு செய்யப்பட்டது முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும் சிறிய கார். அதைத் தேர்ந்தெடுத்ததும் தாங்கள்தான். அட்டவணையை எழுதியதும் தாங்கள்தான். ஆகஸ்ட் மாதத்தில் சாலை திறந்தே இருந்திருந்தாலும் அந்தக் காருக்கு அங்கே அனுமதி கிடையாது. இதில் பருவநிலைக்கு என்ன பங்கு இருக்கிறது?

காப்பீட்டையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தங்கள் தாளில் ‘முழுக் காப்பீடு உண்டு’ என்று ஒரே வரி இருந்தது. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் நீர் புகுந்தாலோ அடிப்பாகம் பாறையில் இடித்தாலோ அந்தக் காப்பீடு செல்லாது என்று வாடகை ஒப்பந்தம் தெளிவாகக் கூறுகிறது. பலத்த காற்று கதவைப் பிடுங்கி வளைத்துவிட்டால்கூட அப்படித்தான். சரளைக்கல் தெறித்துக் கண்ணாடி உடைவதற்கான காப்பீட்டைத் தனியாகப் பணம் கட்டி எடுத்துக்கொண்டோம். எப்படியும் அது எங்களுக்குத் தேவைப்பட்டிருக்கும் என்பதால் அந்தத் தொகையைத் தங்களிடம் கேட்கவில்லை.

அந்தப் பணியாளரின் சொல்லைக் கேட்டு வட்டச் சாலையிலேயே வீக் நகருக்குச் சென்றோம். தொண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தூரமுள்ள அந்த வழியில்தான் செல்யலண்ட்ஸ்ஃபாஸ், ஸ்கோகாஃபாஸ் ஆகிய இரண்டு அருவிகளும் சாலையோரத்திலேயே இருக்கின்றன. முதன்முறையாக அந்நாட்டுக்குச் செல்பவர்களுக்கு இவ்விரண்டையும் விடுத்து மலையேறும் வழியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் திட்டமும் இதே அலட்சியத்தோடு போடப்பட்டிருந்தது. வீக் நகரிலிருந்து யோகுல்சார்லோன் பனியாற்று ஏரி ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அதைப் பார்த்துவிட்டு அன்றிரவே தலைநகர் ரெய்க்யவிக் திரும்ப வேண்டும் என்றால் மேலும் 370 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். தார்ச்சாலையில் வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர், ஊர்களுக்குள் 50. வழியில் ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய பாலங்களில் எதிரே வருபவருக்காகக் காத்திருக்கவும் வேண்டும். எங்கும் நிற்காமல் போனாலே ஏழு மணி நேரம் பிடிக்கும் இந்த ஓட்டத்துக்குத் தங்கள் அட்டவணை ஐந்தரை மணி நேரம் ஒதுக்கியிருந்தது. நாங்கள் இருவரும் இடப்புறம் ஓட்டிப் பழகியவர்கள் என்பதைப் படிவத்திலேயே குறிப்பிட்டிருந்தும், வலப்புறம் ஓட்டத் தொடங்கிய மூன்றாம் நாளிலேயே இவ்வளவு தூரத்தை எங்கள் தலையில் கட்டியிருந்தீர்கள்.

அன்று ஏரிக்கரையில் காற்று மிகக் கடுமையாக இருந்தது. கார்க் கதவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் இறங்கினோம். இருட்டும் முன் முடிந்த தூரம் வரை போவோம் என்ற எண்ணம்கூட அங்கே பொருந்தாது. மே மாதத்தில் நள்ளிரவை ஒட்டியும் வெளிச்சம் இருப்பதால், களைப்பை மறந்து ஓட்டிக்கொண்டே இருக்கத்தான் தோன்றும். ஆகவே ரெய்க்யவிக் அறையைக் கைவிட்டு, வீக் நகரிலேயே இன்னொரு இரவுக்கு அறை எடுத்துத் தங்கினோம். பணம் திரும்பாத வகையில் தாங்கள் முன்பதிவு செய்திருந்த ரெய்க்யவிக் அறையின் வாடகை வீணாயிற்று.

எனவே, அட்டவணைக்காகத் தனியே பெற்ற கட்டணம் முழுவதையும், ரெய்க்யவிக் அறைக்கு நாங்கள் செலுத்திய வாடகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வீக் நகரில் கூடுதலாகத் தங்கிய இரவின் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். மேலும், இதே அட்டவணை தங்கள் விற்பனைப் பட்டியலில் இன்னும் இருப்பதை நேற்றும் பார்த்தேன். என் பணம் வந்து சேரத் தாமதமானாலும் பரவாயில்லை. அடுத்த வாடிக்கையாளர் புறப்படுவதற்குள் இரண்டாம் நாள் வழித்தடத்தை நீக்கிவிட்டு, அதை எனக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பணியாளர் வட்டமிட்ட அட்டவணைத் தாளின் படி, கார் வாடகை ஒப்பந்தம், இரண்டு அறைகளின் ரசீதுகள், தங்கள் பதில் மின்னஞ்சல்.