பெறாமகளுக்கு, மதில் விசயமாக

அன்புள்ள பிள்ளைக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வரும்போது காணியைச் சுற்றி மதில் எழும்பியிருக்க வேணும், கேற்றும் போட வேணும், கிணற்றுக்கும் ஒரு பூட்டுப் போடுங்கோ என்று வொயிஸ் அனுப்பியிருந்தாய். காசைப் பற்றி யோசிக்காதேங்கோ என்றும் சொன்னாய். நான் காசைப் பற்றி யோசிக்கவில்லை. போனில் பதில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், அப்புறம் உன் அம்மா எடுத்து எனக்குப் பேசுவா. அதனால்தான் எழுத்து. புங்குடுதீவில் காணியும் ரொறன்ரோவிலோ பாரிசிலோ சூரிச்சிலோ வீடுமாக இருக்கிற வேறு பேரும் இதை வாசிக்கட்டும் என்று எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன். உன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை, பயப்படாதே.

முதலில் கிணறு. நம்முடைய தீவு அடியெல்லாம் சுண்ணாம்புக் கல். ஆறு கிடையாது. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை பெய்கிற மழைதான் கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக நிற்கும். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, அதனால் மிதக்கிறது. மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் இறங்குவது லேசில்லை. ஊரில் எத்தனையோ கிணறு அப்படித்தான் குளிக்கவும் உதவாமல் கிடக்கிறது. உன் காணிக் கிணறு இன்னும் குடிக்கிற தண்ணீர்.

அது ஏன் இன்னும் குடிக்கிற தண்ணீராக இருக்கிறது என்று பின்னேரம் வந்து நின்று பார்த்தால் தெரியும். ஒழுங்கைப் பெண்கள் தண்ணீர்க் கானோடு வருவார்கள். வாளியைத் தொப்பென்று போடமாட்டார்கள். கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்கி, சரித்து, மேல் தண்ணீரை மட்டும் கோலி எடுப்பார்கள். அடியைக் கலக்கினால் சவர் தட்டும். ஆடி, ஆவணியில் தண்ணீர் வற்றும்போது யார் எத்தனை கான் எடுப்பது என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் அதில் வாய் வைப்பதில்லை. கிணற்றுக்குள் விழுகிற சருகை அள்ளுவதும், வருடத்துக்கு ஒருக்கால் இறைத்துச் சேறு எடுப்பதும் அவர்கள்தான். நீ பூட்டுப் போட்டால் அடுத்த வருடம் உனக்குக் கிணறு இருக்கும், தண்ணீர் இருக்காது. பக்கத்துத் தீவான வேலணையில், சாட்டியில் இருந்து கொண்டுவருகிற தண்ணீருக்காக நீயும் கானோடு நிற்க வேண்டியதுதான்.

உனக்குத் தெரியாத ஒரு பழைய கதையும் அந்தக் கிணற்றுக்கு உண்டு. இப்போது அள்ளுகிறவர்களுடைய பாட்டிமார் சாதியின் பேரால் அந்தக் கிணற்றுக் கட்டைத் தொட முடியாது. தள்ளி நிற்பார்கள், நம் வீட்டு ஆள் யாராவது வந்து குடத்தில் ஊற்ற வேணும். வேலையாக இருந்தால் காத்து நிற்க வேணும். 1957இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. சட்டம் வந்து வெகுகாலம் கழித்தும் யாழ்ப்பாணத்தில் கோயில் வாசல்களிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் அதற்காக அடிபட்டுத்தான் மாறியது. நீ ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை, உனக்கு இந்த எண்ணமே கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் பூட்டைப் பார்க்கிற அந்த ஒழுங்கைச் சனத்துக்கு வேறு எது ஞாபகம் வரும் என்று நினைக்கிறாய்?

1991இல் யுத்தத்தில் எல்லோரும்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். கொழும்பிலும் தெற்கிலும் கடை வைத்திருந்த குடும்பங்களுக்கு, 58, 77, 83 கலவரங்களில் எரிந்தது போக, ஏதோ ஒரு பிடி இருந்தது. அந்தப் பிடியில் ஏறிக் கனடாவுக்கும் சுவிசுக்கும் போனோம். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்குக் கட்ட விற்பதற்கு ஒரு காணித்துண்டு இல்லாதவர்கள், முகாம்களிலும் சொந்தக்காரர் வீட்டு விறாந்தைகளிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருக்கிறது, கோயிலில் தேர் இழுக்க ஆள் இருக்கிறது, செத்த வீட்டில் தூக்க நாலு பேர் இருக்கிறார்கள் என்றால் அது அவர்களால். ஊர்ச் சங்கம் போடுகிற மலரில் அவர்களுடைய படம் வருவதில்லை, அது வேறு கதை.

யாழ்ப்பாணத்தில் இருந்து தீவுப் பக்கம் வருகிற பண்ணைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் நக்கலாகத் 'தீவார்' என்று சொன்னால் நமக்கெல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொண்டு வரும். பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் நமக்குள்ளேயே யார் யார் என்று பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

அந்தச் சனத்துக்கு வேண்டியதை அரசாங்கம் பார்க்கட்டும் என்று உன் அண்ணன் சொன்னானாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றிலும் வெயிலிலும் கரண்ட் எடுக்கிற வேலையை 2021இல் ஒரு சீனக் கொம்பனிக்குக் கொடுக்கப் போனார்கள். இந்தியாவுக்குப் பிடிக்கவில்லை. 2024இல்தான் இந்திய மானியத்தில் ஒப்பந்தம் எழுதினார்கள். நம்முடைய தீவுகளில் ஒரு லைட் எரிவதற்கே இரண்டு வல்லரசு முகம் சுளித்து முடிய வேணும். இந்திய வீட்டுத் திட்டம் வந்தபோது வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்தார்கள். அதை வாங்கக் காணிப் பத்திரம் காட்ட வேணும். உன் காணிக்குள் மேற்கு வேலியோரம் குடியிருக்கிற மூன்று குடும்பத்திடமும் காட்ட என்ன இருந்தது? வெறுங்கை. இன்னும் தகரத்துக்குக் கீழேதான் இருக்கிறார்கள்.

10 வருடம் ஆண்டால் காணி அவர்களுக்குப் போய்விடும் என்று யாரோ உன்னை வெருட்டியிருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒன்று உண்டுதான். ஆனால் சொந்தக்காரர் விட்டு, அவருடைய அனுமதியில் இருக்கிறவருக்கு அது பொருந்தாது. ஒரு கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும், அதற்கு மதில் தேவையில்லை. வேலி வேணுமென்றால் கிடுகு வேலி அடைத்துத் தருகிறேன், ஆள் நுழைந்து போக ஒரு பொட்டும் வைத்து.

நான் கேட்பது இதுதான். அந்த மூன்று குடும்பத்துக்கும், குடும்பத்துக்கு இரண்டு பரப்பு நிலம் எழுதிக் கொடு. நன்கொடை உறுதியாக, பெயரில் முடிப்போம், வாய்ச்சொல்லில் வேண்டாம். கிணற்றையும் கிணற்றுக்குப் போகிற பாதையையும் பொதுவில் விட்டதாக அதே உறுதியில் எழுதலாம். மோட்டர் மட்டும் யாரும் போடக்கூடாது என்று ஒரு வரி சேர்ப்போம், அதில் நானும் கண்டிப்பு. மிச்சக் காணி உனக்குத்தான். மதிலுக்கு ஒதுக்கின காசில் நில அளவையாளருக்கும் நொத்தாரிசுக்கும் கொடுத்து மிஞ்சும். மிஞ்சுவதை உங்கள் சங்கத்துக்காரர் சந்தியில் கட்டப்போகிற வளைவுக்குக் கொடுத்துவிடாதே. அந்த வளைவுக்குக் கீழால் ஒரு நாளைக்கு எத்தனை பஸ் போகிறது என்று அவர்களிடம் ஒருக்கால் கேட்டுப் பார்.

நீ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ரொறன்ரோவில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் உனக்குப் பதிலாக நான் கையெழுத்து வைக்க அற்றோணிப் பத்திரம் ஒப்பமிட்டு அனுப்பினால் இங்கே நான் பார்ப்பேன். ஆனால் ஒன்று. அது உன் அம்மாவின் சீதனக் காணி. உனக்கு எழுதும்போது தான் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கிற சீவிய உரித்தை வைத்துக்கொண்டுதான் எழுதினா. அதனால் அம்மாவும் கையெழுத்து வைக்க வேணும். அவவிடம் நீயே கதை. நான் கதைத்தால் சரிவராது.

அன்புடன்,
சித்தப்பா
புங்குடுதீவு